நீ வெட்டாமல் விட்ட 11 விநாடி

அன்புள்ள மலருக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். என் போன் ரிப்பேராக இருந்தது, சரிசெய்துவிட்டேன். இப்போது மணி அடித்தால் அடுத்த அறை வரை கேட்கிறது.

உன் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன், நான்காவது தடவையாக. டைட்டிலில் உன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். கட்டுப் போட்ட கண்ணோடு எழுந்து வந்து, திரைக்குப் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். வேலைநிறுத்தத்தைப் பற்றி இத்தனை பேரைப் பேசவைத்து, ஒருவரையும் அழவைக்காமல், பின்னணி இசையைப் போட்டு அமுக்காமல் ஒரு படம் எடுத்திருக்கிறாய். எனக்குப் பெருமைதான். ஆனால் வெளியே அனுப்பும் முன் என்னிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

எடுத்த ஃபுட்டேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறாய்தானே? இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வை, ஒன்றை வேறு யார் வீட்டிலாவது கொடுத்து வை. அரசியல் படம் எடுப்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. 'இப்படி நான் பேசவே இல்லை' என்று நாளைக்கு ஒருவர் எழுந்து நிற்பார்.

டாக்குமெண்டரிகளை நான் நம்புவதில்லை என்று உனக்குத் தெரியும். அதற்குக் காரணமும் தெரியும். லெம்மிங் என்ற எலிகள் கூட்டம் கூட்டமாகக் கடலில் குதித்துச் சாகும் என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லி, உன்னை ஒரு ராத்திரி முழுக்க அழவைத்தவன் நான். படத்தில் கண்ணால் பார்த்தேன், அதனால் சொன்னேன். 1958-இல் வந்த டிஸ்னி படம் அது, ஆஸ்கார் வாங்கிய படம். உண்மையில் நடந்தது என்ன? கடலே இல்லாத ஆல்பெர்ட்டா மாகாணத்துக்கு எலிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து, மேட்டிலிருந்து தண்ணீரில் தள்ளிவிட்டுப் படமெடுத்திருக்கிறார்கள். அது தெரிந்த நாளிலிருந்து, ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட் வரும்போதெல்லாம் நடுவில் என்ன போயிற்று என்றுதான் என் மனம் தேடுகிறது.

ஆலிவர் ஸ்டோனின் 'ஜே.எஃப்.கே.' படத்திலும் அதுதான் என்னை உறுத்தியது. அந்தப் படம் கிளப்பிய பேச்சால்தான் 1992-இல் கென்னடி கொலை ஆவணங்களை வெளியிட அமெரிக்காவில் சட்டம் வந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனாலும் கொலை நடந்த 1963-இல் எடுத்த காட்சிக்கும் படத்துக்காகப் புதிதாக எடுத்த காட்சிக்கும் வித்தியாசம் தெரியாதபடி ஒட்டிவைத்தால், பார்க்கிறவன் எதை நம்புவான்? அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' நடிகர்களை வைத்து எடுத்த படம், அச்சு அசலாகச் செய்திப்படம் போலவே இருக்கும். ஆனால் நிஜச் செய்திப்படம் ஓர் அடிகூட இதில் இல்லை என்று அறிவித்துவிட்டுத்தான் அதை அமெரிக்காவில் காட்டினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஃபுட்டேஜை வைத்துக்கொள் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

உனக்கு அனுப்பிய அந்த நீளமான மெயிலில் இதையெல்லாம் எழுதினேன். குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநரின் சோதனையைப் பற்றியும் எழுதினேன். ஒரு நடிகரின் அதே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடு சேர்த்தால் பசி தெரியும், சவப்பெட்டியோடு சேர்த்தால் துக்கம் தெரியும் என்று. அப்பா முகத்தை நீயும் அப்படித்தான் செய்தாய் என்றேன். வேறு ஏதோ கேள்விக்கு நான் யோசித்த நேரத்தை எடுத்து இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒட்டிவிட்டாய் என்றேன். அந்த 11 விநாடியை எடுத்துவிடு என்று கேட்டேன். "அடுத்த வாரம் கூப்பிடுறேன்ப்பா" என்று நீ சொன்னதும் அன்றைக்குத்தான்.

நேற்று அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "அன்னைக்கு நீங்க உள்ள போனீங்களாப்பா?" என்று உன் குரல் கேட்கிறது. நான் வாட்ச் பட்டையைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன், திரும்பக் கழற்றுகிறேன். எனக்குப் பின்னால் மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் எழும்பி எழும்பி விழுகிறது. நீ கேட்கத் தொடங்கும்போது எழும்பிய தாள் கேள்வி முடியும்போது விழுகிறது. ஓர் இடத்தில்கூட அது துள்ளவில்லை. அங்கே வெட்டே இல்லை, மலர். மெயில் எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

'நைட் அண்ட் ஃபாக்' என்று 1956-இல் ஒரு பிரெஞ்சுப் படம். யூதர்களை அடைத்து வைத்த முகாமுக்குக் காவல் நின்ற ஒரு போலீஸ்காரரின் புகைப்படம் அதில் வரும். அவர் போட்டிருந்தது பிரெஞ்சுப் போலீஸ் தொப்பி. நம் ஆளே கூட நின்றான் என்று தெரிந்துவிடும் என்பதால், அந்தத் தொப்பியை மறைக்கவைத்தது தணிக்கை. அந்தக் கதையைக் கோபத்தோடு உனக்குச் சொன்னதும் நான்தான். அதே நான் உன்னிடம் என் தொப்பியை மறைக்கச் சொன்னேன்.

போனேன். வேலைநிறுத்தத்தின் 23-ஆம் நாள் காலையில், பின்வாசல் வழியாக. முன்வாசலில் சித்தப்பா உட்கார்ந்திருந்தான். உனக்கு அப்போது 4 வயது. அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இரண்டு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்தின நாள் ராத்திரி அவனே வந்து சொல்லிவிட்டுப் போனான். பயந்துதான் போனேன். அவனுக்கு வேலை போயிற்று, எனக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு வந்தது. கடைசிவரை அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதான் கேட்டாய்.

கேமராவோடு திரும்ப வந்தாலும் சரி, சும்மா வந்தாலும் சரி, பதில் சொல்கிறேன். அந்த இடத்தை மட்டும் தொடாதே. முழுசாக இருக்கட்டும். ஃபுட்டேஜையும் அழித்துவிடாதே.

சித்தி இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், போட்டுக் காட்டப் போகிறேன். அந்த இடம் வரும்போது நான் எழுந்து போக மாட்டேன்.

அப்பா