சீட்டை இறக்கிக்கொள், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

டெல்ஃப்டிலிருந்து நீ அனுப்பிய படத்தைத் தம்பி காட்டினான். சைக்கிள் நன்றாக இருக்கிறது. ஆனால் சீட் உனக்கு உயரம். நெதர்லாந்துக்காரர்கள் நெட்டையான ஆட்கள். பழைய சைக்கிள் அவர்கள் அளவுக்குத்தான் இருக்கும். பெடலை நீ கால் நுனியால் எட்டிப் பிடிக்கிறாய், இடுப்பு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. சைக்கிள் கடைப் பாயும் பார்த்தவுடன் அதையே சொன்னார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, போடுகிற ஷூவோடு சீட்டில் உட்கார். பெடலை அடிக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வை. கால் நேராக நீண்டால் அதுதான் உனக்கான சீட் உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பாய் அல்லவா, அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்தால் முழங்காலுக்கு முன்னால் வலிக்கும், உயர்ந்தால் பின்னால் வலிக்கும். உனக்கு எந்தப் பக்கம்? வலி என்று தம்பியிடம் சொன்னாயாம்.

அந்த விஷயத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கேட்கப் போவதில்லை. அத்தையிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பிடுகிறாயா என்று மட்டும் அம்மா கேட்கச் சொன்னாள்.

பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கிற பிரேக் மட்டும்தான் என்றால், செயின் கழன்றால் பிரேக்கே கிடையாது. முன்சக்கரத்துக்கு ஒரு கை பிரேக் போட்டுக்கொள். டிராம் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும், மழையில் இன்னும் கவனம். எதிர்காற்றில் கனமான கியரை வைத்து மல்லுக்கட்டாதே; கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 70, 80 சுற்று மிதி. உடம்புப் பாரத்தைக் கைகளில் போட்டால் விரல் மரத்துவிடும், முழங்கை மடங்கியே இருக்கட்டும். முதலில் சீட்டை இறக்கு.

நம் தெருவிலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போன முதல் பெண் நீ. பால்காரர்வரை சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக போன் இல்லை என்றால் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது?

பிளஸ் ஒன்னில் அரசு உனக்குக் கொடுத்த சைக்கிளை இரவு ஷிப்டுக்கு நான்தான் எடுத்துப் போனேன். என் காலுக்குச் சீட்டை ஏற்றினேன். காலையில் அப்படியே நீ பள்ளிக்கூடம் போனாய். கால் வலிக்கிறது என்றபோது, டியூஷனுக்கு மட்டம் போடச் சாக்கு என்று திட்டினேன். முழங்காலுக்குப் பின்னால் என்றுதான் நீ கையை வைத்துக் காட்டினாய். பாய் சொன்னபோதுதான் அது என் நினைவுக்கு வந்தது. ஸ்பேனர் ஜன்னலில்தான் கிடந்தது. ஒரு நட்டைத் தளர்த்தினால் போதும். இரண்டு வருடம் நான் அதைச் செய்யவில்லை கண்ணு. அதற்குப் பிறகு எது வலித்தாலும் நீ என்னிடம் சொன்னதில்லை.

எந்தப் பக்கம் வலிக்கிறது என்று எழுது. என்னிடம் சொல்ல முடியாவிட்டால் தம்பியிடமாவது சொல். பாயிடம் கேட்டு எழுதுகிறேன்.

அப்பா