பத்து மாப்

அன்புள்ள கலா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் பத்தாம் வகுப்பு. அவருக்கு மறுபடியும் மாற்றல், இந்தத் தடவை பக்கத்து ஊர்தான். உன் மகள் நர்சிங்கே வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று? ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்த அம்மாவுக்கு இப்படி ஒரு மகள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக இதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால்தான் ஆறும்.

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக ஒரு நர்ஸ் பெண் வந்திருக்கிறாள். படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வந்த நாளிலிருந்தே எல்லாவற்றிலும் நிதானம். டிராலி போட்டால் ஒவ்வொரு கிளாம்பையும் திறந்து மூடிப் பார்ப்பாள். ரத்தம் ஒற்றுகிற மாப் துணிக் கட்டைப் பிரித்தால் ஒவ்வொன்றாக உதறி, வாய்விட்டு எண்ணுவாள். எனக்கு எரிச்சல். ஒரு நாள் கூப்பிட்டு, "வெளியில் அடுத்த கேஸ் காத்திருக்கிறது, கட்டுக்கு ஐந்து என்று எல்லோருக்கும் தெரியும், இவ்வளவு நேரமா எண்ணுவது?" என்று கடிந்துகொண்டேன். "சரி சிஸ்டர்" என்றாள். மறுநாளும் அப்படியேதான் எண்ணினாள்.

அந்த வாரமே ஒரு இரவு. ஒரு சிஸ்டர் திடீர் லீவு, அவளுக்குப் பதிலாக நானே நின்றேன். பதினொன்றரைக்கு ஒரு எமர்ஜென்சி சிசேரியன். அவள் ஸ்க்ரப், டேபிள் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவள்; நான் சர்குலேட்டிங், வெளியே நின்று வேண்டியதைப் பிரித்துப் போடுபவள். இரண்டு கட்டு மாப்பைப் பிரித்துப் போட்டு, "அஞ்சும் அஞ்சும் பத்து" என்று போர்டில் எழுதப் போனேன். "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று என்னையும் நிறுத்தி வைத்து எண்ணினாள். பத்து. எழுதினேன்.

குழந்தை நன்றாக அழுதது. ஆனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை. ரத்தம் நிற்கவில்லை. அந்த நேரம் தியேட்டர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கர்ப்பப்பை சுருங்க ஆக்ஸிடோசின் ஓடுகிறது, அனஸ்தீஷியா டாக்டர் ரத்தம் கேட்டுக் கத்துகிறார், ஆபரேஷன் செய்கிற டாக்டர் மேடம் கேட்கக் கேட்க மாப் உள்ளே போகிறது, நனைந்து வாளிக்கு வருகிறது. கால் மணி நேரம் கழித்து ரத்தம் கட்டுக்குள் வந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. மேடம் மூடத் தயாரானார். "கவுன்ட்?" என்றார்.

வாளியில் இருந்ததைக் குச்சியால் எடுத்து விரித்து எண்ணினேன். டிராலியில் இருந்ததை அவள் எண்ணினாள். ஒன்பது.

அப்போது நான் சொன்னதுதான் கலா, என்னைத் தூங்கவிடாமல் செய்வது. "ஒரு கட்டில் நாலுதான் இருந்திருக்கும் மேடம்" என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ளவள் சொல்கிறேன். யாரும் சந்தேகப்படப் போவதில்லை. நூல் கோத்த நீடில் மேடம் கைக்குப் போக வேண்டிய நேரம். அந்தப் பெண் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "இல்லை மேடம். சிஸ்டரும் நானும் சேர்ந்துதான் எண்ணினோம். பத்து இருந்தது" என்றாள். குரல் நடுங்கியது.

தரையில் தேடினோம். குழந்தையைச் சுற்றிய துணி, நஞ்சுக்கொடி வைத்த பேசின், டேபிளுக்கு அடியில், எல்லாம் பார்த்தோம். மேடம் ஒன்றும் பேசாமல் மறுபடி கையை உள்ளே விட்டார். இடது பக்கம், குடலுக்குப் பக்கவாட்டில், கையளவு சுருண்டு கிடந்தது. ரத்தத்தில் ஊறிய மாப்பைப் பார்த்திருக்கிறாய்தானே? சதைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. இதற்கெல்லாம் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த அம்மா ஆறாம் நாள் பெண் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். போகும்போது எனக்கு ஒரு கல்கண்டுப் பொட்டலம் கொடுத்தாள். வாங்கக் கை வரவில்லை.

அது உள்ளேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே காலேஜில் உன் பிள்ளைகளுக்கு நடத்துகிறாய், உனக்குச் சொல்ல வேண்டாம். கடையில் வாங்குகிற மாப்பில் எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஓடும். நாங்கள் காஸ் துணியை வெட்டி, மடித்து, நாடா வைத்துத் தைப்பதில் அதுவும் கிடையாது. எங்களுக்கு எண்ணிக்கையை விட்டால் வேறு காவல் இல்லை. அதை நான்தான் அவசரப்படுத்தினேன்.

மறுநாள் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாக "கவுன்ட் சரி", என் கையெழுத்து. இதில் எத்தனையில் நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினேன், எத்தனையில் கட்டைப் பார்த்து எழுதினேன்? ஞாபகமில்லை. ஆபரேஷனில் உள்ளே பொருள் தங்கிவிட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கேஸ்களில் பெரும்பாலானவற்றில் எண்ணிக்கை சரி என்றுதான் எழுதியிருந்ததாம். எமர்ஜென்சி ஆபரேஷனில் அபாயம் ஒன்பது மடங்கு. ஒரு டிரெயினிங்கில் இதைக் கேட்டுக் குறித்தும் வைத்திருக்கிறேன். குறித்து வைத்தவள்தான் அன்று அப்படிச் சொன்னேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த ஆபரேஷன் செக்லிஸ்ட்டும் எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. மொத்தம் 19 விஷயம். டெல்லி உட்பட எட்டு நகர ஆஸ்பத்திரிகளில் வைத்துப் பார்த்ததில் ஆபரேஷனுக்குப் பிறகு இறப்பவர்கள் நூற்றுக்கு 1.5 என்று இருந்தது 0.8 ஆனதாம். அதில் ஒரு வரி, கத்தி வைக்கும் முன் எல்லோரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. தினமும் பார்க்கிற முகங்களுக்கு எதற்கு என்று நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது தோன்றுகிறது, ஆரம்பத்தில் ஒரு முறை வாய் திறந்து பேசிவிட்டால், பிறகு "இல்லை மேடம்" என்று சொல்லச் சின்னப் பெண்ணுக்கும் கொஞ்சம் துணிச்சல் வரும். அவளுக்கு அதுவும் இல்லாமலேயே துணிச்சல் வந்தது. எல்லோருக்கும் வராது. போன வாரத்திலிருந்து பெயர் சொல்ல ஆரம்பித்திருக்கிறோம். முதல் நாள் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். மேடம்தான் முதலில் சொன்னார்.

நாம் நர்சிங் படித்தபோது இருந்த மிலிட்டரி சிஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்த்தால் மொத்தப் படுக்கையையும் கலைத்துவிடுவாரே. வாசலைப் பார்த்தால் நோயாளி செத்தா போவார் என்று நீ கேட்டு, ஒரு மாதம் பேசின் தேய்த்தாய். அன்று எனக்கும் அது அர்த்தமில்லாமல்தான் பட்டது. இப்போது வேறு மாதிரி படுகிறது. யாரும் பார்க்காத இடத்திலும் கை தானாகச் சரியாகப் போக வேண்டும் என்று அவர் நம் கையைப் பழக்கியிருக்கிறார். என் கை பழகித்தான் இருந்தது. நடுவில் எங்கேயோ நானே அதைக் கெடுத்துக்கொண்டேன்.

துணியையும் கருவியையும் நீராவியில் கிருமி நீக்கித் தருகிற எங்கள் ஆட்டோக்ளேவ் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரம்மில் துணி அடுக்கிய பிறகு, மடிப்புகளுக்கு நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்ப்பார். கை போகவில்லை என்றால் ஒன்றிரண்டை எடுத்துவிடுவார். "நெருக்கி அடைச்சா ஆவிக்கு வழி ஏதும்மா? மேல ஒட்டின டேப் கோடு சூட்டுல கறுத்து எல்லாம் சரின்னு காட்டிரும், நடுவுல இருக்கிற துணி வேகாது" என்பார். 121 டிகிரி, 15 பவுண்டு என்று நாம் பரீட்சைக்குப் படித்ததை அவர் உள்ளங்கையால் தெரிந்து வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிப்பு. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். அவர் இடத்துக்கு வருகிறவர் கையை விட்டுப் பார்ப்பாரா?

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாக இல்லை, டியூட்டி மாறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும். அவள் அழுதுவிட்டாள். "எங்க காலேஜ்ல ஒரு மேடம், எண்ணும்போது வாய் அசையலைன்னா மறுபடி முதல்ல இருந்து எண்ணச் சொல்வாங்க சிஸ்டர்" என்றாள். எந்தக் காலேஜ் என்று கேட்டேன். கலா, அது உன் காலேஜ்தான்டி. உன் பெயரைச் சொன்னாள்.

அவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள், பரீட்சை தேறினால் போய்விடுவாள். போகட்டும், அங்கேயும் யாரோ ஒருத்தியின் வயிற்றுக்கு அவள் காவல் இருப்பாள். ஆனால் அதற்குள் இங்கே இருக்கும் ஆறு பேருக்கும் இந்தப் பழக்கம் வர வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது, கத்தத்தான் வரும். ஆவணியில் ஒரு சனிக்கிழமை வா. கட்டு பிரிப்பதிலிருந்து ஆரம்பித்து எங்கள் எல்லோருக்கும் எண்ணக் கற்றுக்கொடு. நானும் வரிசையில் நிற்கிறேன். இரவு வீட்டில் தங்கு, அம்மா உனக்கென்று மாவடு எடுத்து வைத்திருக்கிறாள்.

பஸ் டைம் எழுதிப் போடு.

உன்,
சாந்தி