வண்டி நின்றால்தான் குருவிக்கு ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டால் எங்களுக்குச் சவாரி கூடும். கும்பகோணம், வேளாங்கண்ணி, திருநள்ளாறு, திருச்சி ஏர்போர்ட் என்று வண்டிக்கு ஓய்வே இருக்காது. முன்பெல்லாம் ஊருக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டை, தேங்காய், முறுக்கு டின் என்றுதான் ஏற்றுவார்கள். இப்போது அவற்றோடு கூண்டும் வருகிறது. லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல் என்கிற கொண்டைக் கிளி, வசதியான வீடாக இருந்தால் சன் கான்யூர் என்கிற மஞ்சள் கிளி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் போகிறவர்கள் வேறு யாரிடம் விட்டுப் போவார்கள்? கொண்டுபோவதில் தப்பே இல்லை. கொண்டுபோகிற விதத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கூண்டோடு ஏறுகிறவர்கள் எல்லாரும் "மெதுவா ஓட்டுங்கண்ணே, குருவி பயப்படும்" என்பார்கள். மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். ஆனால் நான் பார்த்தவரை, ஓடுகிற வண்டியில் பறவைக்குப் பெரிதாக எதுவும் ஆவதில்லை. வண்டி நிற்கும்போதுதான் வம்பு.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்காதவர்கள் எங்கள் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். (அதைப் பற்றித் தனிக் கடிதமே எழுத வேண்டும்.) போன வருஷம் சித்திரையில் கும்பகோணத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். கேட் போட்டுவிட்டார்கள். முன்னால் வரிசையாக லாரிகள். எல்லாரும் இன்ஜினை அணைத்தார்கள், நானும் அணைத்தேன். ஆட்கள் இறங்கி வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போனார்கள். கூண்டு பின்சீட்டில் வெயில் படுகிற பக்கம் இருந்தது. உள்ளே நாலு லவ் பேர்ட்ஸ். கொஞ்ச நேரத்தில் நாலும் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன. அந்த வீட்டுப் பாட்டி, "பசிக்குது போல, தினை போடுடா" என்று பேரனிடம் சொன்னார். "பசியில்லம்மா, சூடு தாங்கல. கூண்டை இறக்குங்க" என்று நானே எடுத்துப் போய் டீக்கடைத் தட்டி நிழலில் வைத்தேன். காலிலும் இறக்கைக்கு அடியிலும் சாதாரணத் தண்ணீரை லேசாகத் தெளித்தோம். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது, அந்த அதிர்ச்சியே ஆளைக் கவிழ்த்துவிடும். கேட் திறப்பதற்குள் நாலும் வாயை மூடிவிட்டன.

நமக்கு வியர்க்கும், பறவைக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதன் உடம்புச் சூடே சாதாரணமாக நாற்பது டிகிரிக்கு மேல். நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும், அரை மணி நேரத்தில் ஐம்பதைத் தாண்டிவிடும். கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள், அந்தக் காருக்குள் தாங்கள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டும். அது பெரிய வித்தியாசம் எதுவும் செய்யாது.

ரயில்வே கேட்டாவது பரவாயில்லை, கூட ஆள் இருக்கும். கோயில் வாசல்தான் மோசம். "பத்தே நிமிஷம், சாமி பார்த்துட்டு வந்துடறோம்" என்று திருநள்ளாற்றில் இறங்குவார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் பத்து நிமிஷத்தில் யார் சாமி பார்த்திருக்கிறார்கள்? பார்க்கிங்கில் மரம் இருக்காது. ஏசியை ஓடவிட்டுக் காத்திருங்கள் என்பார்கள். அந்த டீசல் யார் கணக்கு என்று வண்டி பேசும்போது பேசியிருக்க மாட்டோம். டிரைவரும் மனுஷன்தான், சாப்பிடப் போவான், பாத்ரூம் போவான். ஆகவே வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கூண்டோடு நிழலில் உட்காருவதுதான் வழி. அது முடியாது என்றால் அன்றைக்குக் கோயிலை விட்டுவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூண்டை வைக்கிற இடம் இன்னொரு தலைவலி. டிக்கியில் வைக்கச் சொல்வார்கள். அங்கே ஏசி காற்று போய்ச் சேராது, என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேலே கேரியரில் கட்டலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். முன்சீட்டும் ஆகாது. இப்போது வருகிற வண்டிகளில் அந்தப் பக்கமும் ஏர்பேக் இருக்கிறது, வெடித்தால் கூண்டு நொறுங்கும். நடுசீட்டில் வைத்து சீட் பெல்ட்டைக் கூண்டைச் சுற்றிப் போட்டு, ஆட்டிப் பார்த்து அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கிற பெரிய கூண்டு பயணத்துக்குச் சரிப்படாது. பிரேக் போட்டால் பறவை இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு அடிபடும். சின்னப் பெட்டிக் கூண்டு, தரையோடு ஒட்டி ஒரு குச்சி, அடியில் பழைய துண்டு, அவ்வளவு போதும். ஊஞ்சல், மணி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் ரெண்டாவது பள்ளத்திலேயே கவிழ்ந்து துண்டை நனைத்துவிடும். வெள்ளரித் துண்டு வைத்தால் தின்றுகொள்ளும், தாகமும் அடங்கும். வண்டி நிற்கிற இடத்தில் கிண்ணத்தில் தண்ணீர் காட்டலாம். அந்தச் சின்னக் கூண்டை ஒரு வாரம் முன்பே வீட்டில் வைத்து உள்ளே போய் வரப் பழக்கியிருந்தால் ஏற்றும்போது ரகளை இருக்காது.

வெயிலுக்குப் பயந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள் நல்லதுதான் செய்கிறார்கள். ஆனால் இருட்டில் எதிர் வண்டியின் ஹெட்லைட் கூண்டுக்குள் அடித்தால் காக்டெய்லுக்குப் பயம் பிடித்துவிடும், ரத்தம் வருகிற அளவுக்குக் கம்பியில் மோதும். பருத்தித் துண்டால் மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். பாலித்தீன் வேண்டவே வேண்டாம். ஏசி காற்றும் நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது.

டிரைவர் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. காலையில் டேஷ்போர்டு பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்துவோம், வாசனைக்கு ஒரு பாட்டில் தொங்கவிடுவோம். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட வேகமாகக் காற்றை இழுக்கிறது, விஷத்தையும் அப்படித்தான். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க கேனரிக் குருவியைக் கொண்டுபோவார்களாம், 1986 வரை அந்த வழக்கம் இருந்திருக்கிறது. கூண்டு வருகிற சவாரி என்றால் நான் அன்றைக்கு ஊதுபத்தியை வெளியிலேயே காட்டிவிட்டு, வாசனை பாட்டிலைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறேன். லாரிப் புகைக்குப் பின்னால் நிற்கும்போதும், ரோட்டில் நெல் காயப்போட்டுத் தூற்றுகிற இடத்திலும் வெளிக்காற்று வருகிற வழியை அடைத்துவிட்டு உள்காற்றையே ஓடவிட வேண்டும்.

பிள்ளைகள் ஆசையாகக் கூண்டைத் திறந்து தோளில் வைத்துக்கொள்வார்கள். தயவுசெய்து கண்டித்து வையுங்கள். பறவை பறந்து வந்து பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்தால் நான் மிதிப்பதா, விடுவதா? இறக்கை வெட்டியதுதானே என்பார்கள். வெட்டியதும் ஜன்னல் திறந்தால் வெளியே போகும் அளவுக்குப் பறக்கும்.

பச்சைக்கிளிக் கூண்டு வந்தால் மட்டும் நான் ஏற்றுவதில்லை, எத்தனை நாள் பழக்கமான பார்ட்டியாக இருந்தாலும் சரி. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செக்போஸ்டில் பிடித்தால் கிளியோடு வண்டியையும் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. "குஞ்சிலேர்ந்து வளர்க்கிறோம், பேரு சொன்னா திரும்பிப் பார்க்கும்" என்று சொல்லும்போது எனக்கும் மனசு கேட்காது. ஆனால் வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது.

பறவை விற்கிற கடைக்காரர்களும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியில் பேனாவால் நாலு ஓட்டை குத்திக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தஞ்சாவூரில் வாங்கியது வேதாரண்யம் போய்ச் சேர வேண்டும் என்றால் அந்த ஓட்டை போதுமா? சின்னக் கம்பிப் பெட்டியைப் பறவையோடு சேர்த்தே விற்கட்டும், வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

வண்டி பேசும்போதே கூண்டு வருகிறது என்று சொல்லிவிடுங்கள். ஏழு பேர் வண்டியில் எட்டுப் பேரும் கூண்டும் என்றால் கூண்டு டிக்கிக்குத்தான் போகும். அப்படியிருந்தால் பெரிய வண்டி பேசுங்கள், அல்லது ஒருத்தர் பஸ்ஸில் வரட்டும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
மன்னார்குடி.