பேத்தியின் பள்ளிச் சேர்க்கை குறித்துத் தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் கற்பதும் பேசுவதும் மெதுவாகும் டவுன் சிண்ட்ரோமோடு பேத்தி பிறந்த வாரத்தில் நீ எழுதிய கடிதத்தில் இருந்த கலக்கம் இதில் இல்லை. அந்த இடத்தில் கோபம் இருக்கிறது. அது எனக்கு நிறைவாகவே இருக்கிறது. அக்காள் படிக்கும் பள்ளியிலேயே தங்கையையும் சேர்க்க உன் மகள் போனபோது, "டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கென்றே சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கேதான் அவள் மகிழ்ச்சியாக இருப்பாள்" என்று மிகுந்த கனிவோடு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடுமையாக மறுப்பவர்களோடு வாதாடலாம். கனிவாக மறுப்பவர்களோடு வாதாடப் போனால் நாமே பண்பற்றவர்களாகத் தோன்றிவிடுவோம். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவளைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுச் செய்தி நல்ல செய்திதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகன் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறான். தொடக்க வகுப்பிலிருந்து இதுவரை தன் வயதுப் பிள்ளைகளோடு பொது வகுப்பிலேயே இருந்தான். செய்தித்தாளின் தலைப்புகளை உரக்கப் படிக்கிறான், கணக்கில் இன்னும் தடுமாறுகிறான், புதியவர்களிடம் பேசத் தயங்குவதில்லை. நீ கேட்டவற்றுக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்; இதை உன் மகளிடமும் கொடு.

வகுப்பறையில் ஓர் இடம் கிடைப்பதை மட்டும் வெற்றியாக அவள் எண்ணிவிடக் கூடாது. எந்த உதவியும் இல்லாமல் ஒரு குழந்தையைப் பொது வகுப்பில் உட்கார வைத்தால், அவள் பாடத்தைப் பின்தொடர முடியாமல் எழுந்து ஓடுவாள், அழுவாள், பிறகு அந்த ஓட்டமும் அழுகையும் "பொது வகுப்பு இவளுக்கு ஒத்துவராது" என்பதற்குச் சான்றாக எழுதி வைக்கப்படும். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓபர்ட்டி வழக்கு கிட்டத்தட்ட இதுவேதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுவன் ஒருவன் பொது வகுப்பில் அடம்பிடித்தான், மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான், பிள்ளைகளை அடித்தான் என்று காரணம் காட்டி, அவனைத் தனி வகுப்புக்கு அனுப்பப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்தது. அவனுக்கு வேண்டிய துணை ஏற்பாடுகளைப் பள்ளி போதிய அளவில் செய்து பார்க்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. பொது வகுப்பில் அவனை வைத்திருக்க இயலாது என்பதை நிறுவும் பொறுப்பு பள்ளியுடையது, குழந்தையுடையது அல்ல என்றும் சொன்னது. அதே வழக்கில் கீழ் நீதிமன்றம், சேர்த்துக்கொள்ளப்படுவது ஒரு சிலருக்கு மட்டும் வழங்கும் சலுகை அல்ல, உரிமை என்று எழுதியிருந்தது. அந்தத் தீர்ப்பு ஒரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது என்றாலும், அதன் பின்னால் இருக்கும் நியாயம் எந்த ஊர்ப் பள்ளிக்கும் பொருந்தும். "உங்கள் குழந்தை தகுதியானவளா?" என்று அவர்கள் கேட்கும்போது, "அவளுக்காக நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று உன் மகள் திருப்பிக் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கு அவளுக்கு உலக அளவிலும் ஆதாரம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனைக் காரணமாகக் காட்டி எவரையும் பொதுக் கல்வி அமைப்பிலிருந்து விலக்கக் கூடாது என்றும், ஒவ்வொருவருடைய தேவைக்கும் ஏற்ற உதவிகளை அந்த அமைப்புக்குள்ளேயே தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவுக்கு 2016இல் வெளியிடப்பட்ட விளக்கவுரை, விலக்கி வைப்பது, பிரித்து வைப்பது, மாற்றம் எதுவும் செய்யாமல் உள்ளே உட்கார வைப்பது, உண்மையாகவே உள்ளடக்குவது என்ற நான்கையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. பல பள்ளிகள் மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கின்றன. இது புதிய கருத்தும் அல்ல: 1994இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடிப் பொதுப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் ஏற்க வேண்டும் என்று அறிக்கை விடுத்தார்கள், இத்தாலி 1977ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களைப் பொது வகுப்புகளுக்குக் கொண்டுவந்துவிட்டது. உங்கள் நாட்டின் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பேச்சுவார்த்தைக்கு முன்பே அவள் வரிவரியாகப் படித்து, உரிய பகுதியை அச்செடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

என்னென்ன உதவிகளைக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான பெற்றோர் தடுமாறுகிறார்கள். "கூடுதல் கவனம் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் பள்ளியும் பொதுவாகத் தலையசைக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி ஓரளவு தெளிவாகவே தெரிந்திருப்பதால், கேட்பதையும் அவ்வளவு தெளிவாகக் கேட்கலாம். இவர்களில் நான்கில் மூன்று பேர் வரை ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள். நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதால் ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மங்கலாகக் கேட்கும். அந்த மங்கலான வாரத்தில் ஆசிரியர் சொன்னதைப் பேத்தி செய்யவில்லை என்றால், அது பிடிவாதம் என்று பெயர் வாங்கும். ஆகவே அவள் முன் வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும்படி உட்கார வேண்டும். செவிப் பரிசோதனை அறிக்கை பள்ளியிடம் இருக்க வேண்டும். கண்ணாடி அணிந்தாலும் பலருக்கு அருகில் உள்ளதன்மேல் பார்வையைக் குவிப்பது கடினம். தூரத்துக்கும் அருகுக்கும் தனித்தனிப் பகுதி கொண்ட இருகுவியக் கண்ணாடி உதவுமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். மெல்லிய பென்சில் கோடுகளுக்குப் பதிலாகத் தடித்த கருமையான எழுத்துகளைப் பள்ளியிடம் கேளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது நினைவாற்றல் பற்றிய செய்தி. காதால் கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன் இவர்களுக்குக் குறைவு. கண்ணால் கண்டதை நினைவில் கொள்ளும் திறன் அதைவிட நன்றாக இருக்கும். "புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டு, நோட்டை எடுத்து, தேதி எழுதி, மூன்றாவது கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால், கடைசிச் சொல் மட்டும் அவளிடம் எஞ்சியிருக்கும். அதையே நான்கு சிறு படங்களாக மேசையில் ஒட்டி வைத்தால், அவளாகவே ஒவ்வொன்றாகச் செய்வாள். பேசுவதைவிடப் புரிந்துகொள்வது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதால், பதில் வர நேரமானால் அவளுக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டாமல் சிறிது காத்திருக்க வேண்டும். வாசிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பேச்சு தெளிந்த பிறகு எழுத்தைக் கற்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இவர்களில் பலருக்கு முழுச் சொல்லைக் கண்ணால் கண்டு படிக்கக் கற்பதே பேச்சை வளர்க்கும் வழியாக அமைகிறது. என் மகன் வாக்கியமாகப் பேசத் தொடங்கியது, வாக்கியங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான்.

தசைகள் தளர்வாக இருப்பதால், கால் தரையில் ஊன்றாத உயரமான நாற்காலியில் உட்கார்ந்தால் உடலை நிமிர்த்தி வைப்பதிலேயே அவள் களைத்துப் போவாள். காலுக்கு ஒரு பலகை, எழுத ஒரு சாய்வுப் பலகை, இவ்வளவுதான். இன்னொன்றையும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்: பாடம் கடினமானால் இந்தக் குழந்தைகள் கொஞ்சியும் சிரித்தும் அதிலிருந்து நழுவிவிடுவார்கள், அன்பான ஆசிரியர்கள்தான் இதில் முதலில் மயங்குவார்கள். அவளிடம் வேலை வாங்கும் ஆசிரியரே அவளை மதிக்கும் ஆசிரியர்.

துணை ஆள் விஷயத்தில் கவனம் தேவை. பள்ளி சில வேளை "ஒரு ஆளை நீங்கள் வைத்துக்கொண்டால் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும். நாள் முழுவதும் ஒரு பெரியவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், மற்ற பிள்ளைகள் நெருங்கமாட்டார்கள், வகுப்பாசிரியரும் இவள் தன் பொறுப்பல்ல என்று எண்ணிவிடுவார். துணை ஆசிரியர் வேண்டும்தான்; ஆனால் அவர் வகுப்புக்குத் துணை செய்பவராக, பாடப் பொருள்களை முன்பே எளிமைப்படுத்தித் தருபவராக, தேவையான நேரத்தில் வந்து தேவை தீர்ந்ததும் விலகுபவராக இருக்க வேண்டும். அவளுக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பு வகுப்பாசிரியருடையது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணைக் காட்டி மறுத்தால், பேச்சையும் கேட்டல் நினைவையும் சார்ந்த சோதனை இவளுடைய பலவீனத்தைத்தான் அளந்திருக்கிறது என்று சொல்லலாம். மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று சொன்னால், எப்படி, எந்த வேளையில் என்று விவரம் கேட்கட்டும். பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது.

பிரிட்டனில் போர்ட்ஸ்மத்தை மையமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆய்வு செய்த சூ பக்லியும் அவருடைய குழுவினரும், டவுன் சிண்ட்ரோம் உள்ள வளரிளம் பருவத்தினரை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பொதுப் பள்ளியில் படித்தவர்கள் பேச்சுமொழியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகவும், எழுத்தறிவில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகவும் முன்னே இருந்ததைக் கண்டார்கள். அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதில் சிறப்புப் பள்ளியில் படித்தவர்கள் முந்தியிருக்கவில்லை. ஆனால் நெருக்கமான நட்பு விஷயத்தில் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளின் நிலை மேலாக இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பதின்ம வயதில் என் மகனும் சில வேளை தனித்துத்தான் நின்றான். வகுப்பில் எல்லோரும் அவனிடம் அன்பாக இருந்தார்கள், ஆனால் மாலையில் வீட்டுக்கு அழைத்தவர்கள் மிகக் குறைவு. அதனால் பள்ளிக்கு வெளியே டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளோடும் அவனுக்குப் பழக்கம் ஏற்படுத்தினோம். பேத்திக்கு இரண்டு வகை நட்பும் வேண்டும், இப்போதிருந்தே தொடங்கலாம்.

"எவ்வளவு படித்து என்ன ஆகப் போகிறது" என்று உறவினர்கள் பேசுவதாக எழுதியிருந்தாய். அமெரிக்கக் கணக்கின்படி 1983இல் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். இன்று 60ஐ ஒட்டி இருக்கிறது. அவ்வளவு நீண்ட வாழ்வில் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கவும், மருந்துச் சீட்டைப் பார்க்கவும், தனக்குப் பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று அவர்களைக் கேள்.

அடுத்த சந்திப்புக்கு உன் மகள் தனியாகப் போக வேண்டாம். கணவரோ நீயோ கூடப் போய், பேசியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துச் செல்லட்டும். டவுன் சிண்ட்ரோம் என்ற பெயரிலிருந்து தொடங்காமல், அவளுக்கு என்ன தெரியும், எது பிடிக்கும், எப்படிச் சொன்னால் புரியும் என்பதிலிருந்து அது தொடங்கட்டும். தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றை எழுத்தில் கேட்கட்டும்: இந்தப் பருவத்தில் அவள் கற்க வேண்டியவை, யார் கற்பிப்பார், எந்த உதவி வாரத்தில் எவ்வளவு நேரம், எப்போது மறுஆய்வு என்ற எல்லாமும் அதில் வேண்டும். "சில மாதம் வைத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த மாதங்களில் பள்ளி செய்ய வேண்டியவையும் அதே தாளில் இருந்தாக வேண்டும். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் மட்டும் வகுப்பில் சேர்ப்பது, வயதுக்கு மிகக் குறைந்த பிள்ளைகளோடு உட்கார வைப்பது, இவற்றுக்கு இசைய வேண்டாம். சந்திப்பு முடிந்த அன்றே, பேசப்பட்டதைச் சுருக்கிப் பள்ளிக்கு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பட்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கட்டும். வாயால் எளிதாகச் சொல்லும் மறுப்பைப் பலர் தாளில் எழுதத் துணிவதில்லை. அவசரப்படுத்தும் எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்தப் பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியர் இளையவர், குழந்தையைப் பார்த்ததும் குனிந்து அவளிடமே பெயர் கேட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு உன் கடிதத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான். பயிற்சி இல்லாத ஆசிரியருக்குப் பயிற்சி தரலாம். குழந்தையிடமே பேசும் குணத்தைப் பயிற்சியால் கொண்டுவருவது கடினம். நிர்வாகத்தைச் சந்திக்கும்போது அந்த ஆசிரியரும் உடனிருக்க வேண்டும் என்று உன் மகள் கேட்டுக்கொள்ளட்டும்.

கோரிக்கைக் கடிதத்தின் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல். என் மகனுக்காகத் தயாரித்த கல்வித் திட்டங்களின் நகல்களை இதனுடன் வைத்திருக்கிறேன். தொடக்க வகுப்புகளுக்கானவற்றை முதலில் பாருங்கள். பேத்தியின் செவிப் பரிசோதனை ஓராண்டுக்கு முந்தியதாக இருந்தால், சந்திப்புக்கு முன் புதிதாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி
கமலா