ஈரப்பதத் தளர்வு மட்டும் போதாது. நெல்லை உலர்த்தவும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைத்துக் கிடப்பதைப் பற்றிய தங்கள் தலையங்கம், அரசு வாங்கும் நெல்லுக்கான ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக உயர்த்தச் சொல்லி முடிந்திருந்தது. கோரிக்கை நியாயமானதுதான். மழைக்காலத்தில் விவசாயி நெல்லை எங்கே கொண்டுபோய்க் காயப்போடுவார்? ஆனால் 2022-ல் 19 சதவீதம் வரை தளர்வு கிடைத்தபோது, நெல்லில் இருந்த தண்ணீர் சாக்கோடு சேர்ந்து கிடங்குக்குப் போனதே தவிர, வேறெங்கும் போய்விடவில்லை.

இந்தச் சிக்கல் அறுவடை மிஷினோடு வந்தது. கையால் அறுத்த காலத்தில் அரி, அதாவது அறுத்துப் போட்ட கதிர்த்தாள், வயலிலேயே ஓரிரு நாள் காயும். பிறகுதான் கட்டுக் கட்டிக் களத்துக்கு வரும். இப்போது செயின் வண்டி என்கிற அறுவடை மிஷின் இறங்கினால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். 20 முதல் 24 சதவீத ஈரத்தோடு நெல் நேரே டிப்பரில் ஏறுகிறது. அறுப்பு இத்தனை வேகமான பிறகும் உலர்த்துவதற்கு நம்மிடம் இருப்பது அதே வெயிலும் தார்ச்சாலையும்தான். குறுவை அறுப்போ புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது.

ஈர நெல்லுக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடும்போது சூடும் ஈரமும் வெளிவரும். குவியலைத் தார்ப்பாயால் இறுக மூடினால் அந்த ஈரம் பாயின் அடியில் வியர்த்து மறுபடி நெல்லிலேயே சொட்டும். உள்ளே கை விட்டால் சுடும். சில நாட்களில் அரிசி மஞ்சளாகும், பூசணம் பிடிக்கும். இதற்குச் செலவு குறைந்த முதலுதவி உண்டு: குவியலின் அடியில் துளையிட்ட பிவிசி குழாய்களைப் படுக்கவைத்து ஒரு ஊதுவிசிறியை இணைப்பது, பாயின் உச்சியில் காற்று வெளியேற இடைவெளி விடுவது. மழைக்காலக் காற்று நெல்லைக் காயவைக்காது, சூட்டை மட்டும் இறக்கும். ஆனாலும் உலர்த்தியில், அதாவது சூடான காற்றால் நெல்லைக் காயவைக்கும் இயந்திரத்தில், முறை வரும்வரை நெல் கெடாமல் தாங்க அது போதும்.

இனி உலர்த்தும் கணக்கு. 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர 60 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். உலர்த்திக்குக் காற்றைச் சூடாக்கும் உமி உலை ஒழுங்காக எரிந்தால் அதற்குச் சுமார் 40 கிலோ உமி செலவாகும். ஒரு டன் நெல்லை அரைத்தால் 200 கிலோ உமி கிடைக்கிறது. அடைமழை நாளிலும் உலர்த்தி வேலை செய்யும். 27 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை வெறும் 10 டிகிரி சூடாக்கினாலே அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 50-க்கு இறங்கி, நெல்லின் ஈரத்தை உறிஞ்சத் தயாராகிவிடும்.

அப்படியானால் ஏற்கெனவே வாங்கிய உலர்த்திகள் ஏன் பல இடங்களில் சும்மா நிற்கின்றன? பெரும்பாலும் சின்னச் சின்ன காரணங்கள். மிஷின் நெல்லோடு வரும் வைக்கோல் துணுக்கும் பதரும் காற்றுவழியை அடைத்துக்கொள்ளும். முன்சல்லடை இல்லாமல் உலர்த்தியை நிறுவுவது வீண். உலர்த்தியில் நெல் கொட்டும் தொட்டியைப் பாதி நிரப்பி ஓட்டினால் சூடான காற்று நெல்லுக்குள் புகாமல் மேலே இருக்கும் வெற்றிடத்தின் வழியே ஓடிவிடும். உமிப் புகை நேரே நெல்லில் பட்டால் வாடை ஏறும், ஆகவே உலைக்கும் நெல்லுக்கும் நடுவே, புகையைக் கலக்காமல் சூட்டை மட்டும் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றி வேண்டும். விசிறியின் சேதி இன்னும் வேடிக்கை. டிரான்ஸ்பார்மர் பழுது பார்த்தபின் மும்முனை மின்சாரத்தின் முனைகள் மாறி வந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஆனால் மையவிலக்கு விசிறி அப்போதும் அதே வாய் வழியாகத்தான் காற்றைத் தள்ளும், அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துபோகும். நெல் காயவில்லை என்று நாள் முழுக்க உமியை அள்ளிப் போடுவார்கள். விசிறிக் கூட்டின் மேல் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்து, மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் தீரும் பிரச்சினை.

அவசரத்தில் சூட்டைக் கூட்டுவதும் உண்டு. உணவு நெல்லுக்கு, நெல்லைச் சுழலவிட்டுக் காயவைக்கும் சுழல் உலர்த்தியில் காற்று 60 டிகிரியையும் நெல்மணி 43 டிகிரியையும் தாண்டக்கூடாது. விதைநெல் என்றால் காற்றே 43-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கி, மணியில் விரிசல் விழும். உலர்த்தியில் போட்ட நெல் ஆலையில் நொய்யாகிறது என்ற புகாரின் வேர் இதுதான். பச்சரிசிக்கு அந்தப் புகார் முழு உண்மை. புழுங்கலுக்கு அவ்வளவு பொருந்தாது: அவிக்கும்போது மாவுச்சத்து கூழாகி விரிசல் ஒட்டிக்கொள்ளும். ரேஷனுக்குப் போகும் டெல்டா நெல்லில் பெரும்பகுதி புழுங்கல்தான் என்பதால், நொய் பயத்தைக் காட்டி உலர்த்தியையே ஒதுக்குவது சரியில்லை.

ஈரமானியும் ஏமாற்றும். உலர்த்தியிலிருந்து இறங்கிய சூட்டோடு அளந்தால் வெளிப்பக்க ஈரமே கணக்கில் வரும், 16.5 காட்டிய நெல் மாலையில் 17.5 காட்டலாம். சில மணி நேரம் ஆறப்போட்டு அளக்க வேண்டும். இது தெரியாமல் மூட்டை திருப்பி அனுப்பப்படும்போது விவசாயிக்கும் கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தருக்கும் வீண் சண்டை.

என் பார்வையில் பெரிய முட்டுக்கட்டை கணக்குவழக்குதான். 12 டன் தொட்டி நிறைய 40 கிலோ மூட்டை 300 வேண்டும். நம் ஊர் சிறு விவசாயி கொண்டுவருவது 30, 40 மூட்டை. எட்டுப் பேர் நெல்லையாவது ஒன்றாகக் கொட்டாமல் அந்த உலர்த்தி ஓடாது. கொட்டியபின் யாருடையது எது? கொட்டுமுன் எடையும் ஈரமும் பார்த்து, 17 சதவீதத்துக்குச் சமமான எடைக்குப் பணம் தரலாம். எடையை 100-இலிருந்து ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 83-ஆல் வகுத்தால் போதும். 22 சதவீத ஈரமுள்ள 40 மூட்டை, அதாவது 1600 கிலோ, 1504 கிலோவாகக் கணக்காகும். இரண்டரை மூட்டை குறைகிறதே என்று தோன்றும். அது தண்ணீரின் எடைதான், வாசலில் பத்து நாள் காத்துக் கிடந்து முளைப்பதில் போவதைவிடக் குறைவு. கலப்பதே வேண்டாமென்றால் 2 முதல் 4 டன் வரையிலான சிறு உலர்த்திகள் வேண்டும். நம் நிலப்பரப்புக்கு அவையே ஏற்றவை என்பது என் எண்ணம், ஆனால் டன்னுக்கு ஆகும் கூலி கூடும். எது கட்டுப்படி ஆகும் என்பதைக் களத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தச் சோதனைக்கு வெளியூர் ஆள் தேவையில்லை. குறுவை மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்றவே 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வகம் பிறந்தது. தஞ்சாவூரில் இன்று நிப்டெம் என்று அழைக்கப்படும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அதன் வளர்ச்சிதான். நெல் ரகங்களை அறிந்த ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவர்களோடு, நெல்லைக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும் சேர்ந்து நாலைந்து கொள்முதல் நிலையங்களில் ஒரு குறுவை முழுக்க ஓட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் போட்ட ஈரம், எடுத்த ஈரம், உமி, மின்சார யூனிட், ஓடிய நேரம், ஆலையில் வந்த முழு அரிசி என ஆறே எண்கள் எழுதி வைத்தால் போதும்.

உலர்த்தியை ஓட்ட, அந்தந்த ஊர் ஐடிஐ முடித்த பிள்ளைகளில் நிலையத்துக்கு மூன்று பேர், எட்டு மணி நேர முறைக்கு ஒருவராக. உலையும் விசிறியும் சல்லடையும் ஈரமானியும் இரண்டே வாரத்தில் கற்றுத் தரக்கூடியவை. குறுவை, சம்பா இரண்டுக்கும் சேர்த்து ஆண்டில் நாலைந்து மாதம்தான் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் அதே உலர்த்தியில் உளுந்தும் பயறும் போடலாமா என்று இப்போதே யோசித்து வைக்காவிட்டால், பழகிய ஆள் அடுத்த பருவத்துக்குள் திருப்பூர் போய்விடுவார்.

எதற்கும் முன்பாக மும்முனை இணைப்பும் கூரை போட்ட மேடையும் வேண்டும். சித்திரையில் விண்ணப்பித்தால்தான் இணைப்பு ஆவணிக்குள் கைக்கு வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் பொறியாளர்,
நீடாமங்கலம்.