கைரேகை தேய்ந்தவர்களும் விமானம் ஏறுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கமுங்க.

திருச்சி விமான நிலையத்தில், பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் இமிக்ரேஷனுக்குத் தானாகத் திறக்கும் கேட் வந்தாச்சு, கோயமுத்தூருக்கு எப்போது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். 2024 ஜூனில் டெல்லியில் ஆரம்பித்த திட்டம் இது. 2025 ஜனவரியில் சென்னை, பெங்களூரு, கொச்சி உட்பட 7 ஊர்களுக்குப் போனது, அதே வருடம் செப்டம்பரில் திருச்சி, கோழிக்கோடு, திருவனந்தபுரம், லக்னோ, அமிர்தசரஸ் என்று இன்னும் 5. நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் வந்துவிட்டது, அந்தப் பட்டியலில் கோவையைத்தான் காணோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்குத் தரும் ஓசிஐ கார்டோ இருந்தால் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். விசாரித்து ஒப்புதல் வந்ததும் ஒரு தடவை நேரில் போய் கைரேகையும் முகப் படமும் கொடுக்கணும். அப்புறம் 5 வருடத்துக்கோ, பாஸ்போர்ட் முடியும் வரைக்குமோ கவுண்டர் வரிசை கிடையாது. கேட்டில் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் காட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிகிறது என்று உள்துறை அமைச்சரே சொன்னார்.

கோவைக்கு வருவது சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி என்று நாலு விமானம், அதுக்கெதுக்கு இதெல்லாம் என்பார்கள். விமானம் குறைச்சல் என்றால் கவுண்டரும் குறைச்சல்தானே? இறங்குகிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறோம். அதில் அடிக்கடி போய்வரும் திருப்பூர் பனியன்காரர்கள் பத்துப் பேர் கேட் வழியாகப் போய்விட்டால் பின்னால் கைக்குழந்தையோடு நிற்கிற பொண்ணுக்கும் சேர்த்துத்தான் நல்லது. இவர்களில் சிலர் அமெரிக்காவில் இதே மாதிரி இருக்கும் குளோபல் என்ட்ரி திட்டத்துக்கு 120 டாலர் கட்டிப் பதிந்து அங்கே விறுவிறுவென்று வெளியே வந்துவிடுகிறார்கள், சொந்த ஊரில் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கித்தான் கால் கடுக்க நிற்கிறார்கள். வேடிக்கைதான்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிசு. என் அம்மாவுக்கு 68 வயது. களை வெட்டி, பால் கறந்து, பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடையில் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார், மிஷின் ஏற்காது, கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவோம். இந்தத் திட்டத்துக்குப் பதியவும் 200 கிலோமீட்டர் தாண்டி ஒரு விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். எனக்கு உடனே முடிந்தது. அம்மாவுக்கு நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு இன்னொரு நாள் வாங்க என்றார்கள். சொல்வது சுலபம், கார் வாடகை யார் கொடுப்பது?

தங்கச்சி பிரசவத்துக்கு சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்பும்போது அங்கே இருந்த கேட் முன்னாலும் அம்மா பழக்க தோஷத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். மிஷின் விரலைக் கேட்கவே இல்லை, முகத்தைப் பார்த்துத் திறந்துவிட்டது. "என்ன கண்ணு, கைநாட்டு வேண்டாமா?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஊரில் 2020லேயே கைரேகையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு கண்ணையும் முகத்தையும் முதலில் வைத்துவிட்டார்கள், வெளிநாட்டுக்காரர்களான நமக்குக்கூட முன்பதிவு தேவையில்லை.

கோவைக்குக் கேட் வைக்கும்போது பதிவு செய்யும் வசதியையும் இங்கேயே வையுங்கள், விரல் ரேகை விழாதவர்களுக்குக் கண்ணையோ முகத்தையோ மட்டும் வைத்துப் பதியவும் வழி பண்ணுங்கள். சாயப்பட்டறையிலும் தறியிலும் காட்டிலும் பாடுபட்ட கைகள் இந்தப் பக்கம் ஏராளம், அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள்.

மாசியில் அம்மா மறுபடி பேத்தியைப் பார்க்கப் போகிறார். அதற்குள் கேட் வராது என்று தெரியும். வரிசை பக்கத்தில் நாலு நாற்காலியாவது போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அவிநாசி