ராம் மோகனின் பேட்டிகளைத் தேடிச் சேர்த்துத் தமிழில் தர உதவுங்கள்

அன்புடையீர்,

வணக்கம்.

2025 ஜனவரியில் ‘ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற அனிமேஷன் படம் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. முப்பது வருடங்களுக்கு முன் ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து எடுத்த படம் அது. ஒவ்வொரு அசைவும் கையால் வரையப்பட்டது. குழந்தைகளோடு போய்ப் பார்த்த பலருக்கும் யூகோ சாகோ என்ற ஜப்பானிய இயக்குநரின் பெயர் தெரிந்திருந்தது. அவரோடும் கோயிச்சி சசாகியோடும் சேர்ந்து அதை இயக்கிய ராம் மோகனை அந்த அளவுக்குத் தெரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டுப் பென்சிலைப் பிடித்தவர் அவர். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது அவரைத்தான். 2019 அக்டோபர் 11 அன்று, 88 வயதில் மறைந்தார்.

அவர் வெவ்வேறு காலங்களில் கொடுத்த பேட்டிகளின் ஒளிப்பதிவுகளைத் தேடிச் சேர்ப்பது, பழைய வீடியோ நாடாவில் இருப்பவற்றை டிஜிட்டலுக்கு மாற்றுவது, தமிழ் வசன வரிகளோடு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது, இவைதான் எங்கள் குழு எடுத்திருக்கும் வேலை. அதற்காகத்தான் உங்களிடம் பணம் கேட்டு வருகிறோம்.

படங்கள் இருக்கும்போது பேட்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 தனித்தனிச் சட்டகங்கள் ஓடும். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால்கூட ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள் வேண்டும். மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை, அதாவது கீ டிராயிங்கை வரைவார். நடுவில் வரும் நிலைகளை இன்பிட்வீனர் நிரப்புவார். தாள்கள் நகராமல் இருக்கப் பெக் பார் என்ற முளை வைத்த பட்டையில் மாட்டி, லைட் பாக்ஸின் வெளிச்சத்தில் முந்தைய படத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை வரைவார்கள். பென்சில் படங்களை மட்டும் படம் பிடித்து ஓட்டி (பென்சில் டெஸ்ட்) அசைவு சரியா என்று பார்ப்பார்கள். அப்புறம் கோடுகளை செல் என்ற கண்ணாடி போன்ற தாளில் நகலெடுத்து, பின்பக்கமாக வண்ணம் பூசி, ரோஸ்ட்ரம் கேமராவுக்குக் கீழே வைத்து ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடிப்பார்கள்.

இத்தனை கைகள் பட்ட வேலையில் கடைசியில் மிஞ்சுவது பிலிம் மட்டும். பென்சில் தாள்கள் குப்பைக்குப் போயிருக்கும். செல்களைக் கழுவி மறுபடி பயன்படுத்திய ஸ்டூடியோக்களும் உலகில் உண்டு. பாத்திரம் ஏன் அந்த இடத்தில் எட்டு ஃபிரேம் அசையாமல் நின்றது, திரும்பும்போது தலை முதலில் போனதா, கண் முதலில் போனதா, எந்த அசைவை வரைந்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள் என்பதையெல்லாம் பிலிமைப் பார்த்து முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது. வரைந்தவர் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவருடைய கையையும் பார்க்க வேண்டும். அனிமேட்டர்கள் ஒரு நடையையோ பார்வையையோ விளக்கும்போது உடம்பாலேயே நடித்துக் காட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் அச்சிட்ட பேட்டி ஊமையாகிவிடுகிறது. நாங்கள் கட்டுரைத் தொகுப்பு போடாமல் ஒளிப்பதிவுகளைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ராம் மோகன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறோம். இந்தியாவில் அனிமேஷன் ஒரு முறையான தொழிலாக அமைந்த நாளிலிருந்து அதற்குள்ளேயே இருந்தவர் அவர். 1956 வாக்கில் பம்பாயில் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்ற அமெரிக்க அனிமேட்டர் வந்து நம்மவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சியில் உருவானவர்களில் ஒருவர் ராம் மோகன். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையிலிருந்து எடுத்த ‘தி பேனியன் டீர்’ 1957இல் அங்கே உருவானது. டிஸ்னி பாணியில் கற்ற கை, நம் உடலையும் நம் நடையையும் வரையப் பழகிய காலம் அது. அந்தப் பழக்கம் எப்படி வந்தது, எதை வைத்துக்கொண்டார்கள், எதை மறந்தார்கள் என்று நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள்.

அங்கிருந்து வெளியே வந்து, பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் அனிமேஷன் பிரிவைக் கவனித்துவிட்டு, 1972இல் ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ் என்ற சொந்த ஸ்டூடியோவைத் தொடங்கினார். இரண்டு முறை தேசிய விருது, 2014இல் பத்மஸ்ரீ. விளம்பரங்கள், குடும்ப நலப் படங்கள், பிறருடைய படங்களுக்குச் செய்த சிறு பகுதிகள் என்று பட்டியல் நீளும். சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’யில், அவத் ராஜ்யத்தை விழுங்க ஆங்கிலேயர்கள் காத்திருப்பதைச் சொல்லும் கேலிச்சித்திரப் பகுதி நினைவிருக்கிறதா? அதன் அனிமேஷன் அவருடையது.

எங்களில் பலருக்கு அவர் முதலில் அறிமுகமானது மீனா வழியாகத்தான். 1990களில் யூனிசெஃப் தெற்காசியப் பெண் குழந்தைகளுக்காகக் கொண்டுவந்த தொடர். கையில் மிட்டு என்ற கிளியோடு வரும் அந்தச் சிறுமியை வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் எங்கே பார்த்தாலும் ‘இவள் நம்ம ஊர்ப் பெண்’ என்று குழந்தைகள் நினைக்க வேண்டும். உடை எந்த நாட்டையும் மதத்தையும் தனியாகக் காட்டிவிடக் கூடாது. கோடு எளிமையாக இருக்க வேண்டும், ஆனால் முகம் வெறும் பொம்மையாகிவிடக் கூடாது. அந்த உருவத்தை வரைந்தவரின் வாயாலேயே அந்தக் கதையைக் கேட்பது பாத்திர வடிவமைப்பு படிக்கும் எந்த மாணவருக்கும் ஒரு முழுப் பாடம். எங்கள் தொகுப்பில் மீனாவுக்குத் தனிப் பகுதி இருக்கும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.

சரி, அவசரம் என்ன?

நாடா காத்திருக்காது, அதுதான் அவசரம். 1980கள், 90களின் பேட்டிகள் யூமேட்டிக், பீட்டாகேம், வி.எச்.எஸ். போன்ற காந்த நாடாக்களில் பதிவானவை. நாடாவின் மேல் காந்தப் பொடியை ஒட்டி வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்லப் பிசுபிசுத்துப் போகும். சென்னையிலும் மும்பையிலும் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட நாடாவை ஓடவிட்டால் பொடி உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும், பதிவு அந்த நிமிடமே போய்விடும். இன்னொரு பக்கம், இவற்றை ஓட்டும் கருவிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் வி.சி.ஆர். தயாரிப்பதை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாவில் இருப்பதை மாற்றுவதற்கு 2025தான் கெடு என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தது. அந்தக் கெடு வந்தேவிட்டது.

அதனால் பணத்துக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். நீங்கள் அவரிடம் வேலை பார்த்தவராகவோ, படித்தவராகவோ, அவரைப் படம் பிடித்தவராகவோ இருந்தால், அலமாரியில் பழைய நாடா ஏதாவது கிடக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். பட்டறை, விழா மேடை, வகுப்பறைப் பேச்சு எதுவானாலும் சரி. கிடைத்தால் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்காதீர்கள். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்களே ஆளை அனுப்பி வாங்கி, வேலை முடிந்ததும் நாடாவையும் டிஜிட்டல் நகலையும் உங்களிடமே திருப்பித் தருவோம்.

இனி செலவு. மொத்தம் 5,50,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இதில் பெரிய பங்கு, 2,20,000 ரூபாய், நாடாக்களைச் சுத்தம் செய்து மாற்றும் தொழில்நுட்பக் கூடத்துக்குப் போகும். கருவி எதுவும் வாங்கப் போவதில்லை. வேலைக்கு மட்டும்தான் கூலி. பேச்சை எழுத்தாக்கி மொழிபெயர்த்து வசன வரி போட 1,70,000 ரூபாய். இதைக் குறைத்துக்கொள்ளலாமே என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் கையால் அசைவை விளக்கும் காட்சியில் பார்ப்பவரின் கண் திரையின் அடியில் வரி படித்துக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். அந்த இடங்களில் வரிகள் மிகச் சுருக்கமாக இருக்க வேண்டும், முழுப் பேச்சையும் தனியாகத் தமிழில் தர வேண்டும். அதற்கு மொழிபெயர்ப்பாளரோடு அனிமேஷன் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும். அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுப்பதுதான் முறை.

மீதியில் 90,000 ரூபாய் உரிமை சம்பந்தமான வேலைகளுக்கு. ஒரு பேட்டியின் உரிமை எடுத்த நிறுவனத்திடமோ தனி நபரிடமோ இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு நிமிடப் பதிவைக்கூட வெளியிட மாட்டோம். தனிப்பட்ட விஷயங்கள் ஏதாவது வந்தால் அவருடைய குடும்பத்தாரிடம் கேட்காமல் சேர்க்க மாட்டோம். கடைசி 70,000 ரூபாய், நகல்களை மூன்று வெவ்வேறு இடங்களில் பத்திரமாக வைக்க. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்றுக்கொண்டால் ஒரு நகலை அங்கேயும் ஒப்படைக்க விரும்புகிறோம்.

குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டு 1,35,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். இன்னும் 4,15,000 ரூபாய் வேண்டும். 200 ரூபாயும் எங்களுக்குப் பெரிய உதவிதான். மாணவர்கள் பணம் தர வேண்டாம். எழுத்தாக்கம் செய்வதில் சில மணி நேரம் கைகொடுத்தால் போதும்.

சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு 80ஜி சான்று இல்லை, எனவே உங்கள் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் பணம் வாங்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் பதிவுகளைத் தேடித் தந்தால் அதுவே பெரிய பங்களிப்பு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். ரொக்கமாக யாரிடமும் கொடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் உள்ள படிவத்தில் இருக்கிறது. அனுப்பியதும் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், ஒரு வாரத்துக்குள் ரசீது வரும்.

வரவு செலவைத் தணிக்கையாளர் ஒருவர் பார்ப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எல்லா நன்கொடையாளர்களுக்கும் வரும். எதிர்பார்த்த பதிவுகள் கிடைக்காமல் பணம் மிஞ்சினால், அதே காலத்தில் கையால் வரைந்த மற்ற இந்திய அனிமேட்டர்களின் பேட்டிகளுக்குச் செலவிடுவோம். அதில் விருப்பமில்லாதவர்கள் படிவத்திலேயே குறிப்பிடலாம், உங்கள் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்